கட்டுமாவடித் தோழியரே, பட்டியலைக் கேட்க வாருங்கள்!

அங்கன்வாடிப் பணியாளர்களே, நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர்களே, குழுக் கணக்கு எழுதுகிற தங்கைகளே, இ-சேவை மையத்தில் ஊரார் விண்ணப்பத்தைத் தட்டுகிற பிள்ளைகளே, மீன் மார்க்கெட்டில் விடியலுக்கு முன்னே வந்து நிற்கிற அக்காமார்களே!

கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் வழியாக மீமிசல் வரைக்கும் நீள்கிற இந்தக் கரையில், அரசாங்கத்தின் கம்ப்யூட்டருக்குள் போகிற பெயர்களில் பெரும்பகுதி ஒரு பெண்ணின் விரல் வழியாகத்தான் போகிறது. கர்ப்பிணியின் எடையை ஏற்றுவது நாம். வேலைத்தளத்து வெயிலில் நின்று படம் பிடிப்பது நாம். குழுவின் சேமிப்பையும் கடனையும் பதிவது நாம். அதே கம்ப்யூட்டர் ஒரு பெயரை வெளியே தள்ளும்போது, ஏன் தள்ளினாய் என்று கேட்க நமக்கு ஒரு நாற்காலி இல்லை. வருகிற மே 1 கிராமசபையில் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போகிறோம். நீங்கள் எல்லோரும் வர வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அங்கன்வாடியில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை 1 முதல் போஷன் டிராக்கர் செயலியில் முகப்பதிவு வைத்தால்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிற சத்துமாவு என்று ஒன்றிய அரசு ஆக்கியது. ஒரு தாய் இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்கிறாள். முதலில் ஆதார் எண், அப்புறம் ஓடிபி, அதற்கப்புறம் முகம். ஓடிபி போகிற எண் அவள் புருஷனுடையது. அவர் நேற்று ராத்திரியே நாட்டுப்படகில் நண்டு வலையோடு போய்விட்டார். போன் பாலிதீன் பையில் சுற்றிப் படகின் மூலையில் கிடக்கிறது. கரையைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனாலே டவர் எடுக்காது. அவர் கரைக்கு வந்து போனைத் திறக்கும்போது அந்த ஓடிபியின் ஆயுள் முடிந்திருக்கும். "நாளைக்கு வாம்மா" என்கிறார் பணியாளர். நாளைக்கும் அவர் கடலில்தான் இருப்பார். பிள்ளை பசியோடு போகிறது, தாய் பணியாளரைத் திட்டிக்கொண்டே போகிறாள், சாயங்காலம் மேற்பார்வையாளர் போன் போட்டு உங்கள் மையத்தில் மட்டும் ஏன் சதவீதம் குறைகிறது என்கிறார். திட்டு வாங்கியவளும் பெண், திட்டியவளும் பெண். ஓடிபியை வைத்தவர் அந்த இடத்திலேயே இல்லை.

இந்தக் கரையில் ஆண்கள் எப்போது கடலில் இருப்பார்கள் என்பது ஊர்ச் சிறுபிள்ளைக்குக்கூடத் தெரியும். செயலி செய்தவர்கள் கட்டுமாவடியில் ஒரே ஒரு பெண்ணைக் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை. நான் கோபப்படுவது அதற்குத்தான்.

நூறு நாள் வேலைக்கு வாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்திலும் வருகைப்பதிவு செயலி வழியாக, ஒரு நாளைக்கு இரண்டு படம். காலைப் படம் ஏறி, இரண்டாவது படம் ஏறவில்லை என்றால் மண் சுமந்த உடம்புக்குக் கூலி நிச்சயமில்லை. ஊழலை ஒழிக்கத்தான் இது என்றார்கள். 2025 ஜூலையில் செயலியைக் கொண்டுவந்த ஊரக வளர்ச்சி அமைச்சகமே, படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று சுற்றறிக்கை விட்டது. அதற்குத் தீர்வாகச் சொன்னது என்ன தெரியுமா? ஏற்றிய படங்களை ஊராட்சியிலிருந்து மேலே வரை ஆட்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டுமாம். சுற்றிச் சுற்றி மனுஷக் கண்ணுக்கே வந்து சேர்ந்தார்கள். இதற்கு நடுவே 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழிப் பணப்பட்டுவாடா கட்டாயமாயிற்று. 2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்தின் இடத்தில் நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. நாள் 125 என்கிறது அது. கூடவே பயோமெட்ரிக் சரிபார்ப்பையும் செயற்கை நுண்ணறிவையும் சட்ட வாசகத்துக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டது. இனி இது ஏதோ ஒரு செயலி சம்பந்தப்பட்ட தொல்லை மட்டும் இல்லை. வேலைச் சட்டத்தைப் பேசுகிறவர் இதையும் பேசித்தான் ஆக வேண்டும்.

மீன் மார்க்கெட்டிலும் பாருங்கள். ஐஸிலும் உப்பிலும் மீன் செதிலிலும் தேய்ந்த விரல், ரேஷன் கடை மெஷினில் ரேகை விழாமல் நிற்கிறது. தராசுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. பணம் வந்தது என்று பெட்டி சத்தம் போடுகிறது. எத்தனை அக்காமார்களுக்கு அந்தப் பணம் சொந்தக் கணக்குக்குப் போகிறது? மகன் கணக்கு, மருமகன் கணக்கு. நாள் முழுக்க விற்றது நாம், பாஸ்புத்தகத்தில் சம்பாதித்தவர் வேறொருவர். நாளைக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், உங்கள் கணக்கில் வரவே இல்லையே என்பார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஆண்களில் 70.2 சதவீதம் பேர் இணையம் பயன்படுத்தியவர்கள், பெண்களில் 46.9. இந்தியா முழுக்கப் பார்த்தால் பெண்கள் 33.3 சதவீதம்தான். இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொண்டே ஒவ்வொரு திட்டத்தையும் போனுக்குள் அடைக்கிறார்கள்.

பட்டியல் என்றால் என்ன என்று இந்தக் கரைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கடந்துபோன பிறகு தென்னை போனது, படகு போனது, கூரை போனது. அதற்கு அடுத்த மாதங்களில் எல்லோரும் அலைந்தது பட்டியலுக்காகத்தான். அன்றைக்குப் பட்டியலை எழுதியது ஒரு ஆள், அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து சண்டை போடலாம். இன்றைக்குப் பெயரை எடுப்பது எங்கோ இருக்கிற சர்வர். தெலங்கானாவில் நடந்ததைக் கேளுங்கள். 2014-க்கும் 2019-க்கும் இடையில் அங்கே 18 லட்சத்துக்கும் மேற்பட்ட உணவுப் பாதுகாப்பு அட்டைகளை ரத்து செய்தார்கள். பல துறைகளின் தரவுகளை ஒன்றாக இணைத்து, இந்தக் குடும்பத்துக்குக் கார் இருக்கிறது, அந்தக் குடும்பத்துக்குச் சொத்து இருக்கிறது என்று கணினி சொன்னதை நம்பினார்கள். உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கச் சொன்ன பிறகுதான், தகுதி இருந்தும் ஆயிரக்கணக்கானவர்களின் அட்டை பறிபோனது அரசின் சொந்தக் கணக்கிலேயே வெளிப்பட்டது. பணக்கார நாடான நெதர்லாந்திலும் குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்கிய பெற்றோர்களை மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கடனில் தள்ளினார்கள். அந்த விவகாரத்தில் 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. அங்கே அமைச்சரவை போனது, இங்கே ஒரு குறுஞ்செய்திகூட வருவதில்லை.

வேண்டும் என்றால் வரவைக்க முடியும். நம் மாநிலமே அதைச் செய்து காட்டியிருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்றார்கள். நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்புவோம், 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும் அறிவித்தார்கள். அதில் எத்தனை ஓட்டை இருந்தது என்று நமக்குத் தெரியும். ஆனாலும் காரணம் சொல்லலாம், மேல்முறையீடு வைக்கலாம் என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டதே, அதை நாம் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு திட்டத்துக்கு முடிந்தது மற்றத் திட்டங்களுக்கு ஏன் முடியாது?

"டெக்னாலஜி எல்லாம் நமக்கென்ன தெரியும்" என்று பின்வாங்குகிற தோழிக்கு ஒன்று சொல்வேன். இது புதுக்கோட்டை மாவட்டம். 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஊர் சிரித்தது. கேலி செய்தது. கூலிப்பெண்களும் குவாரிப் பெண்களும் அங்கன்வாடிப் பெண்களும் ஏறி மிதித்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் வந்து பார்த்து எழுதி, அது நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. கல் உடைத்த பெண்கள் கூட்டுச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கே எடுத்தார்கள். குத்தகைக் கணக்கைப் படிக்கத் தெரிந்த பிறகு பழைய ஏமாற்று எதுவும் அவர்களிடம் செல்லவில்லை. அந்தப் பெண்களில் பலர் இன்றைக்கு நம் ஊர்களில் பாட்டிகள். அவர்களையும் கிராமசபைக்குக் கூட்டி வாருங்கள்.

இன்னொரு கதை நமக்கு இன்னும் நெருக்கம், ஏனென்றால் அது கடற்கரைக் கதை. 1998 வாக்கில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. எம்பலத்தில் மையத்தைப் பெண்களே நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் மீனவர்கள் கேட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அந்தத் தகவலை இறக்கி, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னார்கள். கடலுக்குப் போகிறவன் கையில் போன் இருக்கிறதா, படிக்கத் தெரியுமா என்ற கேள்விக்கே இடமில்லை, காது இருந்தால் போதும். 2004 டிசம்பர் 26 காலையில் பக்கத்து நல்லவாடுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே வேலை பார்த்த ஊர்ப்பையன் டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குச் சொன்னான். ஊர்க்காரர்கள் மையத்தை உடைத்துத் திறந்து, அதே ஒலிபெருக்கியில் ஓடச் சொல்லிக் கத்தினார்கள். 3,600 பேர் வரை வாழ்ந்த ஊர் உயிர் தப்பியது. தகவல் ஊருக்குச் சொந்தமாக, ஊர் மொழியில், ஊர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்ததால் அது நடந்தது. கடவுச்சொல் யாரிடம் என்று தேடிக்கொண்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு நடுக்கம் வருகிறது.

நாம் போனுக்கு எதிரி இல்லை, தோழியரே. அந்த ஒலிபெருக்கி மாதிரி ஊரை நம்புகிற தொழில்நுட்பம் வேண்டும் என்கிறோம்.

துணிச்சல் வேண்டுமென்றால் மகாராஷ்டிர அங்கன்வாடிப் பெண்களைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில், போஷன் டிராக்கர் ஆங்கிலத்தில் இருக்கிறது, கொடுத்த போன் வேலை செய்யவில்லை என்று சொல்லி, அரசு கொடுத்த போன்களை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். சென்னையில் பிறந்த அருணா ராய் ராஜஸ்தானுக்குப் போய், 1990 மே 1 அன்று கூலிக்காரர்களோடு சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கதனைத் தொடங்கினார். பஞ்சாயத்துக் கணக்கை ஊர்ப் பந்தலில் உரக்க வாசிக்க வைத்தார்கள். அந்தப் பந்தலிலிருந்து கிளம்பியதுதான் 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஆதாரின் ஆபத்தைத் தொடக்கத்திலிருந்தே எழுதிவந்த உஷா ராமநாதன், ரேஷனிலும் கூலியிலும் அது செய்த கெடுதலைக் களத்தில் அளந்து காட்டிய ரீத்திகா கேரா, தரவு யாருடைய சொத்து என்று உலக மேடைகளில் வாதாடுகிற அனிதா குருமூர்த்தி எல்லோரும் பெண்கள். அவர்கள் டெல்லியிலும் பெங்களூரிலும் பேசுவதற்கான சான்று நம் ஊர்களில்தான் கிடக்கிறது. நாம் எழுதிக் கொடுக்காவிட்டால் அவர்கள் கையில் ஒன்றும் இருக்காது.

சட்டம் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், கிராமசபையில் இதுதான் கைகொடுக்கும். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பில், ஆதார் காட்ட முடியவில்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் திட்டத்தின் பலனை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சத்துமாவு மறுக்கப்படும்போது இந்த வரியை எழுதி நீட்டுங்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன. ஒரு நிறுவனம் நம் சம்மதம் கேட்டால், அறிவிப்பைத் தமிழில் கொடு என்று கேட்க அதில் இடமிருக்கிறது. கடன் செயலிக்காரர்களிடம் கட்டாயம் கேளுங்கள். ஆனால் அரசு, உதவித்தொகை, மானியம் என்று வந்தால் சம்மதம் இல்லாமலே தரவை எடுத்துக்கொள்ளலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிற உரிமையும் சம்மதம் கொடுத்த இடத்தோடு நின்றுவிடுகிறது. நம்மைப் பற்றி மிக அதிகமாகத் தெரிந்துவைத்திருக்கிற அரசிடம் நமக்கு அந்தக் கேள்வி இல்லை. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவையும் வெட்டி, தனிநபர் தகவல் என்று சொல்லிக் கதவை மூட வழி செய்திருக்கிறது.

அப்படி மூடினால், 8(2) இன்னும் உயிரோடு இருக்கிறது என்று மனுவில் எழுதுங்கள். பொதுநலன் பெரிதென்றால் தகவலைக் கொடுக்கலாம் என்கிறது அது. 4-ஆம் பிரிவையும் எழுதுங்கள். மானியத் திட்டங்களின் பயனாளி விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும், ஒரு நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. காரணம் கேட்பது பிச்சை இல்லை, 20 வருஷமாகச் சட்டத்தில் எழுதிக் கிடக்கிற கடமை. மாநில அரசும் 2020-ல் பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அரசு பயன்படுத்துகிற கணினி முடிவுகள் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர்கள் கொள்கையை அவர்களுக்கே நினைவூட்டுவோம்.

ஒரு எச்சரிக்கை. பட்டியல் வேண்டும் என்றால் எல்லாவற்றையும் சுவரில் ஒட்டு என்று பொருள் கொள்ளக் கூடாது. ஆதார் எண், போன் எண், நோய் விவரம் எதுவும் வெளியே வரக் கூடாது. தனியாக வாழ்கிற ஒருத்தி கர்ப்பமாக இருப்பது கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிந்தால் போதும், டீக்கடைக்குத் தெரிய வேண்டாம். பெயர், திட்டம், கிடைத்ததா இல்லையா, இல்லை என்றால் ஏன், இவ்வளவே நமக்கு வேண்டியது. இதில் நாம் கறாராக இல்லாவிட்டால் நம் பெண்களே நம்மை நம்ப மாட்டார்கள்.

மே 1 அன்று தீர்மானமாக வைக்கப் போவதைச் சொல்கிறேன். ரேகையோ முகமோ ஓடிபியோ விழாவிட்டால் அன்றைக்கே கையெழுத்துப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், மறுநாள் வா என்ற பேச்சே கூடாது. பெயர் நீக்குவதற்கு முன்னால் தமிழில் எழுத்துப்பூர்வ அறிவிப்பும், நேரில் வந்து விசாரிக்கிற ஒரு ஆளும் வேண்டும். செயலி வேலைக்குப் போனும் டேட்டாவும் கொடுக்கிறவர் அரசாக இருக்க வேண்டும், மதிப்பூதியத்தில் வாழ்கிறவள் ரீசார்ஜ் போட முடியாது. எந்தப் புதிய செயலி இந்த வட்டாரத்துக்கு வந்தாலும் முதலில் அங்கன்வாடி, பணித்தளம், மீன் வியாபாரம், குழு ஆகிய நான்கிலிருந்தும் பெண்கள் உட்கார்ந்த ஒரு குழு பார்த்துக் கருத்துச் சொன்ன பிறகுதான் கட்டாயமாக்க வேண்டும். நான்காவதுதான் நமக்கு உயிர். மற்ற மூன்றும் இன்றைய காயத்துக்கு மருந்து, இது முடிவெடுக்கிற இடத்தில் நம்மை உட்கார வைப்பது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பெண்களுக்காக மருத்துவமனைக்குள் மட்டும் நின்றுவிடவில்லை. 1927-ல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்து சட்டத்தையே கையில் எடுத்தார். அவர் பெயரிலான மகப்பேறு நிதியுதவிக்கு நம் பெண்கள் இன்றைக்குப் பதிவு எண்ணோடு கம்ப்யூட்டர் முன்னால் காத்து நிற்கிறார்கள்.

வேலை போய்விடும் என்ற பயம் உங்களில் பலருக்கு இருக்கிறது. அது நியாயமான பயம். நோட்டீஸ் வந்தால் ஒருத்திக்கு வருகிறது, அதனால்தான் தனியாகப் பேசாதீர்கள் என்கிறேன். பணியாளர் பேச முடியாத இடத்தில் தாய்மார் பேசட்டும். தாய்மாருக்குச் சட்டம் தெரியாத இடத்தில் இ-சேவைத் தங்கை எழுதிக் கொடுக்கட்டும். ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் நம் மாவட்டத்தில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர் கைக்குப் போனது. பாதி நாற்காலி பெண்களுக்கு என்று வாங்கிய ஒதுக்கீடு, தேர்தல் நடக்காத நாளில் வெறும் காகிதம். தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராமசபை வாக்காளர்களுடையது. வாயைத் திறக்க யார் அனுமதியும் வேண்டாம்.

ஏப்ரல் 15-லிருந்து தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நிவாரணத் தொகைக்கும், சேமிப்பு நிவாரணத் திட்டத்தின் 4,500 ரூபாய்க்கும் பட்டியல் பேச்சு ஊரெல்லாம் ஓடுகிற காலம் அது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேர் ஒரு நோட்டோடு கிளம்புங்கள். எந்தத் திட்டத்தில், எந்தத் தேதியில், எந்த மெஷின் முன்னால் மறுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று அந்தப் பெண் சொல்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள். ஆதார் எண்ணை எழுதாதீர்கள். பிழைச்செய்தி வந்த திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அதில் யாருடைய முகமும் வேண்டாம். ஏப்ரல் கடைசி வாரத்துக்குள் நோட்டுகளை ஒன்றாகச் சேர்ப்போம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் தோழியரும் அவரவர் ஊராட்சியில் இதே தீர்மானத்தை இதே வாசகத்தோடு வையுங்கள். ஒரே வாசகம் பல ஊரிலிருந்து போனால்தான் ஆட்சியர் அலுவலகத்தில் எடுத்துப் படிப்பார்கள்.

அன்றைக்குக் கூட்டம் தொடங்கியதும் வருகைக்குக் கையெழுத்துக் கேட்பார்கள், போடுங்கள். தீர்மானப் புத்தகம் வரும்போது மட்டும் பொறுங்கள். நம் தீர்மானத்தை நம் கண்முன்னே எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டும் வரை ஒருத்தியும் அதில் கையெழுத்துப் போட வேண்டாம், ஒருத்தியும் எழுந்து போகவும் வேண்டாம்.